படத்தைத் திருத்தும் முன் திரையைத் திருத்துங்கள்

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



லிஃப்ட் பராமரிப்பு, குடிநீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மானிட்டரின் நிறத்தைச் சரிசெய்வது பற்றிப் பேச வேண்டும். இது கேமரா வைத்திருக்கும் நான்கு பேரின் பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

வீட்டிலிருந்தபடியே புடவையும் பிளவுஸ் துணியும் ஆன்லைனில் விற்பவர்கள் நம் பிளாக்குகளிலேயே இருக்கிறார்கள். "படத்தில் அரக்கு, கைக்கு வந்தது தக்காளிச் சிவப்பு" என்று ஒரு பார்சல் திரும்பினால், போக வர கூரியர் செலவு அவர்கள் தலையில்தான். அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை வருவாரா என்பதும் சந்தேகம். இன்னொரு பக்கம், பெற்றோரின் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து, நிறம் மங்கிய படங்களைத் திருத்தி, பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்கள் பலர். அவர்களுக்கு அந்தப் படம் ஒன்றுதான் மிச்சம்.

இந்த இரண்டு தரப்புக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் திரை நீலமாகக் காட்டினால், நீங்கள் படத்தில் மஞ்சளைக் கூட்டுவீர்கள். உங்கள் வீட்டில் படம் சரியாகத் தெரியும். ஆனால் அந்த மஞ்சள் ஃபைலுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். பிரின்ட் போட்டாலும், வேறு யாருக்கு அனுப்பினாலும் கூடவே போகும். திரையின் குறை படத்தின் குறையாக மாறிவிடுகிறது. அதனால், படத்தில் கை வைக்கும் முன் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

கண் நல்ல சாட்சி அல்ல

"நான் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறேனே, போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. காரணம் நம் கண்ணின் ஒரு நல்ல குணம்.

வெள்ளை வேட்டியை வெயிலில் பாருங்கள், வெள்ளை. இரவு மஞ்சள் பல்பின் கீழ் பாருங்கள், அப்போதும் வெள்ளை. உண்மையில் பல்பின் கீழ் அந்த வேட்டியிலிருந்து கண்ணுக்கு வருவது மஞ்சள் கலந்த ஒளி. மூளை அதைக் கழித்துவிட்டு "இது வெள்ளை" என்று சொல்லிவிடுகிறது. அன்றாட வாழ்க்கைக்கு இது பெரிய வசதி. ஆனால் திரைக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால், நீலம் பாய்ந்த திரையையும் மூளை "சரிதான்" என்று ஏற்றுக்கொள்கிறது.

காலிபரேஷன் என்பது மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போடுவது போல. கடைக்காரர் கையால் தூக்கிப் பார்த்து "ஒரு கிலோ இருக்கும்" என்றால் ஒப்புக்கொள்வோமா? திரைக்கும் வெளியிலிருந்து ஓர் அளவு தேவை.

எண்களைக் கேளுங்கள்

காசு செலவில்லாத அளவு ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. ஃபோட்டோஷாப், ஜிம்ப் போன்ற எந்த எடிட்டிங் மென்பொருளிலும் கலர் பிக்கர் என்ற சொட்டுக் குழாய் போன்ற கருவி இருக்கும். அதைப் படத்தின் ஒரு புள்ளியில் வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வரும். 0 என்றால் துளியும் இல்லை, 255 என்றால் முழு அளவு. மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அந்த இடத்தில் சாயம் எதுவும் இல்லை. அது வெள்ளை, சாம்பல் அல்லது கறுப்பு.

படத்தில் உண்மையிலேயே வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டிய ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். எண்கள் 235, 236, 234 என்று வருகின்றன, ஆனால் திரையில் நீலமாகத் தெரிகிறது என்றால் குற்றம் திரையுடையது. படத்தைத் தொடாதீர்கள். எண்களே 205, 220, 245 என்று வந்தால் குற்றம் படத்துடையது, அதைத் திருத்தலாம். நீலம் போட்டு வெளுத்த வேட்டியை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள், அதன் வெள்ளையிலேயே நீலம் இருக்கும். புடவை விற்பவர்கள் ஒரு கிரே கார்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை படமெடுக்கும்போதும் முதல் படத்தில் அந்த அட்டையைப் புடவை பக்கத்தில் வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. திரையின் நிறம் சரியா என்று பார்க்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கோ தங்கைக்கோ அனுப்பிக் கேட்பதில் பயனில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் வருவது ஃபைலின் எண்கள். உங்கள் மானிட்டரின் கோளாறு அதில் வராது. திரையை மொபைலில் படமெடுத்து அனுப்பினால் இன்னும் மோசம். அந்த மொபைல் கேமரா தானாக ஒரு திருத்தம் செய்துவிடும்.

முதலில் அணைக்க வேண்டியவை

குற்றம் திரையுடையதுதான் என்று தெரிந்துவிட்டது. உடனே மானிட்டரின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் திருகத் தொடங்க வேண்டாம். பெரும்பாலும் கோளாறு என்பது நமக்கு உதவி செய்வதாக நினைத்துத் தானாக இயங்கும் வசதிகள்தான். அவற்றை ஒவ்வொன்றாக அணையுங்கள்.

விண்டோஸில் நைட் லைட், மேக்கில் நைட் ஷிஃப்ட். மாலையானதும் இவை திரையை மஞ்சளாக்கும். பகலில் திருத்திய படம் இரவில் வேறாகத் தெரிகிறது என்று புலம்புபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். மேக்கில் ட்ரூ டோன் என்று இன்னொன்று உண்டு. அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் வெள்ளையை அது மாற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பின் தானியங்கி பிரைட்னஸும் அப்படியே.

அடுத்தது மானிட்டரின் சொந்த மெனு. விவிட், கேம், மூவி என்ற மோட்கள், டைனமிக் காண்ட்ராஸ்ட், ஈகோ மோட் எல்லாம் படத்துக்குப் படம் பிரகாசத்தையோ நிறத்தையோ மாற்றுபவை. ஸ்டாண்டர்டு அல்லது எஸ்ஆர்ஜிபி என்ற மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்ஆர்ஜிபி என்பது எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1996-ல் முன்வைத்து, 1999-ல் சர்வதேசத் தரமான நிற அளவு. இணையமும், மொபைல்களும், பெரும்பாலான கலர் லேப்களும் இதை அடிப்படையாக வைத்தே நடக்கின்றன.

விண்டோஸில் எச்டிஆர் ஆன் ஆகியிருந்தால், படம் திருத்தும்போது ஆஃப் செய்யுங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரை இணைத்த பிறகு கறுப்பெல்லாம் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால், கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் அவுட்புட் ரேஞ்ச் லிமிடெட் என்று இருக்கக்கூடும். டிவிக்கு அனுப்புவது போல 16 முதல் 235 வரை மட்டும் அது அனுப்புகிறது. அதை ஃபுல் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே படத்தைப் பாருங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

அறையும் ஒரு பாகம்தான்

திரை சரியாக இருந்தாலும் அறை அதைக் கெடுக்கும். கிளிப்பச்சைச் சுவர் எதிரே இருந்தால் அதன் சாயல் திரையில் விழும். நீங்கள் அணிந்திருக்கும் பளிச்சென்ற சிவப்பு டி-ஷர்ட்கூடத் திரையில் பிரதிபலிக்கும். ஜன்னல் வெயில் நேராகத் திரையில் பட்டால் படத்தின் இருண்ட பகுதிகள் தெரியாது. நீங்கள் தேவையில்லாமல் வெளிச்சத்தைக் கூட்டுவீர்கள்.

அறைக்கே வண்ணம் மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள். திரைச்சீலை போடுங்கள். வேலை செய்யும்போது எப்போதும் ஒரே விளக்கை மட்டும் எரிய விடுங்கள். எல்இடி விளக்கு வாங்கும்போது அட்டைப் பெட்டியில் 3000 கே, 6500 கே என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 3000 மஞ்சள், 6500 பகல் வெளிச்சம் போன்ற வெண்மை. திரைக்கும் 6500-ஐத்தான் வெள்ளையாக வைக்கிறோம். அதனால் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் திரை நீலமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. டெஸ்க்டாப் படமும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் வேண்டாம், வெறும் சாம்பல் நிறம் போதும். மானிட்டரை ஆன் செய்து அரை மணி நேரம் கழித்து நிறத்தைப் பாருங்கள், அதற்குள் அது நிலைக்கு வந்துவிடும்.

பிரின்ட் இருட்டாக வருகிறதா?

நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். "திரையில் பளிச்சென்று இருந்தது, லேபிலிருந்து வந்த பிரின்ட் இருட்டாக இருக்கிறது." உடனே லேப் மேல் பழி விழும். பெரும்பாலும் லேப் மேல் தவறில்லை. கடையிலிருந்து வரும் மானிட்டர் பிரகாசத்தை உச்சத்தில் வைத்து 250, 300 கேண்டெலா என்ற அளவில் ஒளிர்கிறது. படம் திருத்த 100 முதல் 120 வரை போதும். இரண்டு மடங்குக்கு மேல் ஒளிரும் திரையில் பார்த்தால், இருட்டான படம்கூடப் போதுமான வெளிச்சத்தில் இருப்பது போலத் தோன்றும். நீங்கள் அதை அப்படியே விட்டுவிடுவீர்கள். காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது, உண்மையைக் காட்டிவிடும்.

கருவி இல்லாமலே இதை அளக்க ஒரு வழி உண்டு. மேனுவல் மோட் உள்ள கேமரா யாரிடமாவது இருக்கும். திரை முழுவதும் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். கேமராவில் ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 4, ஷட்டர் 1/60 விநாடி என்று வையுங்கள். வெள்ளை மட்டும் தெரியும்படி திரைக்கு அருகே பிடித்துப் பாருங்கள். ஃபோகஸ் தேவையில்லை, படமும் எடுக்க வேண்டாம். கேமராவின் எக்ஸ்போஷர் மீட்டர் நடுவில் நின்றால் உங்கள் திரை ஏறக்குறைய 120 கேண்டெலா. ஒரு படி கூட்டலில் நின்றால் அது இரண்டு மடங்கு, அதாவது சுமார் 240. மீட்டர் நடுவுக்கு வரும் வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் நாள் திரை மங்கலாகத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும்.

கேமரா இல்லாதவர்கள் ஒரு வெள்ளைத் தாளைத் திரை பக்கத்தில், நீங்கள் வேலை செய்யும் விளக்கின் வெளிச்சத்திலேயே பிடித்துப் பாருங்கள். திரையின் வெள்ளை அந்தத் தாளைவிட விளக்கு போல எரிந்தால் பிரைட்னஸ் அதிகம். குறைத்த பிறகு ஒரு சோதனை: முழுக் கறுப்புக்குள், 10 என்ற எண்ணுள்ள சிறு கட்டம் ஒன்றை வரைந்து பாருங்கள். அது மங்கலாகவாவது தெரிய வேண்டும். அதேபோல வெள்ளைக்குள் 245 என்ற கட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் காண்ட்ராஸ்ட் அமைப்பைத் தொழிற்சாலை அளவுக்குத் திருப்பிவிடுங்கள்.

வந்த பிரின்டைப் பார்க்கும் இடமும் முக்கியம். இரவில் ஹால் விளக்கில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பகலில், வெயில் நேரே விழாத ஜன்னலோரத்தில் பாருங்கள். ஆல்பம் முழுவதையும் அனுப்பும் முன் ஒரே ஒரு படத்தைச் சின்ன அளவில் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மலிவான சோதனை.

கருவி வைத்து அளப்பது

இதுவரை சொன்னவை பிரகாசத்தையும் பெரிய தவறுகளையும் சரிசெய்யும். நிறத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய, திரையில் ஒட்டி வைக்கும் கலரிமீட்டர் வேண்டும். டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர், காலிப்ரைட் நிறுவனத்தின் கருவிகள் இந்த வகை. மென்பொருள் திரையில் வரிசையாகத் தெரிந்த நிறங்களைக் காட்டும். திரை உண்மையில் என்ன காட்டுகிறது என்று கருவி அளக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு திருத்தமும், ஐசிசி ப்ரொஃபைல் என்ற ஒரு ஃபைலும் உருவாகும். அந்தத் திரையின் குணத்தை எடிட்டிங் மென்பொருளுக்குச் சொல்வதுதான் அந்த ப்ரொஃபைலின் வேலை. அளவுகள் கேட்டால் வெள்ளைக்கு 6500, காமாவுக்கு 2.2, பிரகாசத்துக்கு 120 என்று கொடுங்கள்.

ஒரு வீட்டுக்கு இதை வாங்குவது வீண். மாதம் ஒரு முறை, அதிலும் சில நிமிடங்கள்தான் வேலை. பொது உபயோகத்துக்கு ஏணி வாங்கி வைப்பது போல, சங்கத்தில் ஒரே ஒரு கருவி இருந்தால் தேவைப்படுபவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். செயற்குழு இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாங்கும் முன், எத்தனை கம்ப்யூட்டர்களில் பயன்படுத்த அனுமதி என்று உரிம விதியைப் படித்துவிடுங்கள்.

கருவியைப் பகிரலாம், ப்ரொஃபைலைப் பகிரக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் மானிட்டராக இருந்தாலும் பக்கத்து வீட்டு ப்ரொஃபைல் உங்களுக்குப் பொருந்தாது. அடுத்தவர் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது போலத்தான் அது.

அளந்த பிறகும் சரியில்லையா?

காலிபரேஷன் செய்த பிறகு நிறம் முன்பைவிட மோசமாகிவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. அப்போது மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, இரட்டைத் திருத்தம். புதிய மென்பொருள் ஒரு திருத்தம் போடும். மானிட்டருடன் வந்த பழைய மென்பொருளோ கிராஃபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலோ இன்னொன்று போடும். ஒன்றைத் தவிர மற்றதை நீக்குங்கள். அளந்த பிறகு மானிட்டர் மெனுவில் எதையும் தொடக் கூடாது. தொட்டால் அளந்தது வீண், மறுபடி அளக்க வேண்டும்.

இரண்டு, ப்ரொஃபைல் காணாமல் போவது. விண்டோஸ் அப்டேட் அல்லது டிரைவர் மாற்றத்துக்குப் பிறகு இது நடக்கலாம். கண்ட்ரோல் பேனலில் கலர் மேனேஜ்மென்ட் பகுதிக்குச் சென்று, உங்கள் ப்ரொஃபைல்தான் டீஃபால்ட்டாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, ஒரே படம் இரண்டு மென்பொருளில் இரண்டு விதமாகத் தெரிவது. எல்லா மென்பொருளும் ப்ரொஃபைலைப் படிப்பதில்லை. படிப்பது ஒரு நிறம் காட்டும், படிக்காதது வேறு காட்டும். வைட் காமட் மானிட்டர் என்றால், படிக்காத மென்பொருளில் சிவப்பும் பச்சையும் கண்ணைக் கூசும். அங்கே நம்ப வேண்டியது ப்ரொஃபைலைப் படிக்கும் எடிட்டிங் மென்பொருளை. அதேபோல அடோபி ஆர்ஜிபி என்ற அளவில் சேமித்த படம், அதைப் புரிந்துகொள்ளாத இடத்தில் வெளிறித் தெரியும். பிறருக்கு அனுப்பும் படங்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலையும் உள்ளே சேர்த்தே சேமியுங்கள்.

எதைச் சரிசெய்ய முடியாது

சில குறைகள் எந்தக் கருவியாலும் தீராது. விலை குறைந்த லேப்டாப்களின் விவரத்தில் 45% என்டிஎஸ்சி என்று போட்டிருக்கும். எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்ட அந்தக் கணக்கில் சுமார் 72% வேண்டும். அதாவது தேவையான நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குகூட அந்தத் திரையில் இல்லை. இல்லாத நிறத்தைக் காலிபரேஷன் கொண்டு வராது. தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே நிறம் மாறும் டிஎன் வகைத் திரைகளும் இந்த வேலைக்கு ஆகாது. நிற வேலைக்கு மானிட்டர் வாங்குவதானால் ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி ஏறக்குறைய 100% என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

புடவையிலும் அப்படித்தான். மயில்கழுத்து என்பது ஒரு நிறம் அல்ல. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம்; பார்க்கும் கோணத்தில் மாறுவதுதான் அதன் அழகு. ஒரே படத்தில் அது அடங்காது. இரண்டு கோணத்தில் இரண்டு படம் போடுங்கள். எம்.எஸ். ப்ளூ என்று எழுதினால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு நீலம் வரும். "எம்.எஸ். ப்ளூ, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், மஞ்சள் விளக்கில் சற்று மங்கித் தெரியும்" என்று உங்கள் புடவையைப் பார்த்து ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வாங்குபவரின் மொபைல் திரையை நாம் காலிபரேட் செய்ய முடியாது, ஆனால் சொல்லால் உதவ முடியும்.

பழைய குடும்பப் படங்கள் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஸ்கேன் செய்த முதல் ஃபைலை எந்தத் திருத்தமும் இல்லாமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பத்து வருடம் கழித்து நல்ல திரையும் நல்ல மென்பொருளும் வரும். அன்று உங்கள் பிள்ளைகள் மறுபடி திருத்த வேண்டுமானால், இன்றைய திரையின் குறை ஏறாத ஒரு ஃபைல் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்த வாரம் இரண்டே வேலை செய்யுங்கள். நைட் லைட் போன்றவற்றை அணையுங்கள், பிரைட்னஸைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் நிறம் சரியில்லை என்று தோன்றினால், ஒரு படத்தையும் ஒரு பிரின்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அறைக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.